கல் எடை கழித்து

சேன் பியேரில், கூரை போட்ட சந்தைக்குப் பின்னால்,
நீலச் சன்னல் வைத்த ஒரு நகைக்கடை.
நம் ஊர் நகைக்கடை மாதிரி இல்லை:
வாசலில் துப்பாக்கிக் காவலாளி இல்லை,
உட்கார்ந்ததும் கையில் திணிக்கிற குளிர்பானம் இல்லை.
ஒரு மேசை, ஒரு விளக்கு, துளைபோடும் சிறு எந்திரம்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட மிலேன் தெஷேர்.

ரீயூனியன் தீவில் ஆறு நாள் தணிக்கை,
மீன் கம்பெனியின் குளிர்கிடங்குக் கணக்கு.
ஆறாம் நாள் மத்தியானம் மட்டும் எனக்கு.
மழைக்கு ஒதுங்கித்தான் உள்ளே போனேன்,
வாங்க இல்லை.
இதை இரண்டு முறை சொன்னேன்,
ஒருமுறை அவளுக்குப் புரியாத தமிழில்.

கறுப்புக் கல்.
நாவற்பழ அளவு, நாவற்பழக் கறுப்பு.
விளக்கடியில் திருப்பினால் உள்ளே பச்சைப் பொடி,
பாசிப்பயறை உடைத்துத் தூவின மாதிரி.
மெழுகு தடவிய நூலில் கோத்திருந்தாள்.
கொக்கிகூடக் கிடையாது, முடிச்சுதான்.

என்னைக் கேட்காமலே வாய் ஆரம்பித்தது:
எத்தனை கிராம்? செய்கூலி தனியா? சேதாரம் எவ்வளவு?
திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?
கைபேசி எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னது.
சேதாரத்துக்கு அது என்ன சொல் போட்டதோ,
அவள் எழுந்து வந்து என் விரல்களைப் பிடித்து
காயம் எங்கே என்று தேடினாள்.

சிரித்து முடிக்க நேரமானது.
பிறகு அவள் பேசினாள், கைபேசி எனக்குத் தந்தது:
மலை பொங்கி, சாலையைக் கடந்து,
கடலில் போய் விழுந்த குழம்பு.
பார்க்கப் போனபோது வயிற்றில் இவன்.
மூலையில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடும் பையனைக் காட்டினாள்.
பதினேழு வயது. மீசை இப்போதுதான்.
ஆக, கல்லுக்கும் அவனுக்கும் ஒரே வயது.
கல்லென்றாலே கிழடு என்று இருந்துவிட்டேன்.

என் ஆறு பவுன் சங்கிலிக்கு இருபத்தாறு.
கழுத்தில் கிடந்ததைவிடக்
கூட்டுறவு வங்கியில் கிடந்த நாள் அதிகம்.
தம்பி படிப்புக்கு ஒருதரம். லாரி டயருக்கு.
மாமனாரின் வலது கண்ணுக்கு,
அடுத்த வருஷம் இடது கண்ணுக்கு.
கல்யாண வீட்டுக்கு மீட்டு, மறுநாளே வைத்து.
எங்கள் வீட்டில் சம்பாதிக்கிற மூன்றாவது ஆள் அது,
குறை சொல்ல மாட்டேன்.
ஆனாலும் அதைத் தொட்டால்
விரலுக்குத் தொகைதான் தட்டுப்படும்.

முப்பத்தெட்டு யூரோ. பேரம் பேசினேன்.
அவள் குறைக்கவில்லை.
நூலை மட்டும் இரண்டு விரற்கடை நீட்டிக் கட்டிக் கொடுத்தாள்.

மழை விட்டிருந்தது.
கடலோரச் சுவரில் ஏறி உட்கார்ந்தேன்,
திருவிழாவுக்கு வந்த சின்னப் பிள்ளை மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு.
வியாழக்கிழமை தூத்துக்குடியில் இருக்க வேண்டும்,
சங்கிலியைத் திருப்பி வைக்கத் தவணை.
மதிப்பீட்டாளர் கோயில்பிள்ளை உரசப்போகிறவர்
என் கழுத்தைப் பார்ப்பார், தன் உரைகல்லைப் பார்ப்பார்.
"என்னம்மா, எங்க ஆயுதத்தையே மாட்டிட்டு வந்திருக்கிய?"
"இதுக்கு எவ்வளவு தருவிய?" என்பேன்.
விளையாட்டுக்கும் எடை போடாமல் இருக்க மாட்டார் அந்த மனுஷன்.
தராசில் வைப்பார்.
பதினோரு கிராம் இருநூறு என்று வாய்விட்டுச் சொல்வார்.
பழக்கதோஷம், கல் எடையைக் கழிப்பார்.
மிச்சம் நூல்.
அது தராசில் ஏறாது.

நினைத்துத் தனியாகச் சிரித்ததை
ஐஸ் விற்கிறவன் பார்த்துவிட்டு அவனும் சிரித்தான்.

ஓட்டல் பஸ் வர நாற்பது நிமிஷம். நிழல் இல்லை.
கறுப்பு, வெயிலை வாங்கிக்கொண்டே இருந்தது.
நெஞ்சுக்குழியில் சுட்டது.
இன்னும் ஆறவில்லை போல.
பதினேழு வயதில் யார்தான் ஆறியிருக்கிறார்கள்.
கழற்றவில்லை.
கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.